டிப்ளமோ முடித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?

தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும், வீட்டு பிளான் போட்டுக் கொடுத்தாலே ஊர் நம்மை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று கூப்பிடும். சட்டம் ஒத்துக்கொள்ளாது. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். வரைபட வேலையை மற்றவர்களும் செய்யலாம், பெயரைத்தான் போடக்கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்ப நமக்கு என்ன வழி? இரண்டு இருக்கு. சிவில் டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மூன்று வருஷத்தில் என்ஜினியர். ஆனால் ஆர்க்கிடெக்ட் இல்லை. அது வேண்டுமென்றால் ‘நாட்டா’ தேர்வு எழுதி, பி.ஆர்க். முதல் ஆண்டிலிருந்து ஐந்து வருஷம் படிக்கணும். டிப்ளமோவில் கணிதம் படித்திருக்கணும்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ‘இன்னும் அஞ்சு வருஷம்’ என்று அப்பாவிடம் சொல்வது லேசில்லை. உங்களில் பலருக்கும் இதே நிலைதான். உடனே சேர முடியாதவர்கள் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக உதவித்தொகையோடு வேலை பழகலாம். செலவைக் கணக்குப் போட்டு, வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நாளைக்கு போர்டில் எழுதும் பட்டம் நாம் படித்து வாங்கியதாக இருக்கட்டும்!

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு