மேக்கரை தாண்டினா ஸ்பானர் நம்ம கையிலதான்

சாரல் ஆரம்பிச்சிருச்சுன்னு யாராவது ஸ்டேட்டஸ் போட்ட அன்றைக்கே ஹாஸ்டலில் பேச்சு கிளம்பிவிடும். "குற்றாலம் போவோமா?" பத்தாவது நிமிஷம் அது, "பேரருவியில கூட்டம் தாங்காது மச்சான், அப்படியே மேக்கரை வழியா அச்சன்கோவில் பாத்துட்டு வந்துருவோம்" என்று மாறும். மூன்று பைக், ஆறு பேர். ரெயின்கோட் எடுப்பீர்கள், பவர் பேங்க் எடுப்பீர்கள், குற்றாலம் என்றால் துண்டை மறக்கவே மாட்டீர்கள். டூல் கிட் எங்கே என்று கேட்டால் மட்டும், "சீட்டுக்கு அடியில கம்பெனி குடுத்தது கிடக்கும்ல" என்று பதில் வரும். கிடக்கும். அதை வைத்து என்ன செய்ய முடியும்?

முதலில் போகிற வழியைப் பாருங்க. தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். அந்த ரோட்டில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டே போய்க்கூட ஒரு கடையைப் பிடித்துவிடலாம். செங்கோட்டை தாண்டி, புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் பரவாயில்லை. கேரளாவுக்குப் போகிற லாரிகள் ராத்திரி பகலாக ஓடும், யாராவது நிறுத்துவார்கள். மேக்கரை அப்படி இல்லை. பண்பொழி தாண்டி, அடவிநயினார் அணைப் பக்கமாக மலையில் ஏறினால் காடு. செங்கோட்டையிலிருந்து அச்சன்கோவிலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் போன் சிக்னலை நம்ப முடியாது. மழை நாளில் மரங்களுக்கு அடியில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். யானை நடமாடுகிற இடம் வேறு. குண்டாறு அணைக்கு மேலே போகும் தோட்டப் பாதை, கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளை ஒட்டிய மண் பாதை எல்லாம் தூரம் குறைவு, ஆனால் கதை இதேதான். (காப்புக்காட்டுக்குள் பாதையை விட்டு வண்டியை இறக்குவது குற்றம். நான் ஆஃப்ரோடு என்று சொல்வது வண்டி போக அனுமதி இருக்கிற கரடுமுரடான பாதைகளை மட்டும்.)

அதனால் டூல் கிட்டின் வேலையைச் சின்னதாக வரையறுத்துக்கொள்ளலாம். அது நடமாடும் ஒர்க்‌ஷாப் இல்லை. வண்டியைச் செங்கோட்டையிலோ தென்காசியிலோ இருக்கிற மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வர வைக்க வேண்டும், அவ்ளோதான். இன்ஜினைப் பிரிக்கிற எந்தச் சாமானும் அதில் வேண்டாம்.

லிஸ்ட் வேண்டாம், வண்டியைக் கழட்டுங்க

யூடியூபில் ஐம்பது பொருள் கொண்ட லிஸ்ட் கிடைக்கும். அதில் பாதி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எடுத்துப்போக நினைக்கிற டூலை மட்டும் தரையில் விரித்துவைத்து, அதை வைத்தே பின் சக்கரத்தைக் கழட்டி மாட்டுங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க. கிளட்ச் கேபிளை மாற்றுங்க. செயினைத் தளர்த்தி இறுக்குங்க. பேட்டரி டெர்மினலைக் கழட்டி மாட்டுங்க. எந்த இடத்தில் பக்கத்து ரூமுக்கு ஓடிப்போய் ஒரு ஸ்பானர் கடன் வாங்கினீர்களோ, அந்த ஸ்பானர் கிட்டுக்குள் போகணும். எதைத் தொடவே இல்லையோ, அது வெளியே.

இதைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் முதல் தடங்கல் பின் ஆக்சில் நட்டில்தான் வரும். பல கம்பெனி கிட்டில் அதற்குச் சரியான சைஸே இருக்காது. இருந்தாலும் அசையாது. காரணம் முதல் வருஷம் படித்ததுதான்: திருகுவிசை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஸ்பானர் 15 செ.மீ. என்று வைங்க. 20 கிலோ எடைக்குச் சமமாக, அதாவது சுமார் 200 நியூட்டன் விசையில் அழுத்தினால் கிடைப்பது 30 நியூட்டன் மீட்டர். ஆக்சில் நட்டைச் சாதாரணமாக 60-க்கு மேல், சில வண்டிகளில் 100 வரைக்கும் முறுக்கியிருப்பார்கள். துரு ஏறியிருந்தால் அதுவும் போதாது. நல்ல குரோம் வனேடியம் ரிங் ஸ்பானர் ஒன்று வாங்கி, அதன் மேல் ஒரு துண்டு ஜி.ஐ. பைப்பைச் சொருகி நீளத்தை 45 செ.மீ. ஆக்குங்க. அதே அழுத்தத்துக்கு 90 கிடைக்கும். கம்பெனி கொடுத்த தகட்டு ஸ்பானரில் பைப் சொருகினால் ஸ்பானர்தான் வளையும்.

இன்னொன்று, முனை வழுக்கின நட்டில் ஓபன் ஸ்பானரைப் போடாதீங்க. ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர் நட்டின் தட்டையான பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை ரிங், முனைகளுக்குப் பக்கத்தில் பிடித்து இன்னும் மழுக்கிவிடும்.

பஞ்சர்தான் பெரிய சோலி

நம்ம ஊரில் இதற்கு எதிரி மலை இல்லை, அடிவாரம். சுரண்டை, கடையநல்லூர் பக்கம் ஓரமாக வண்டியை இறக்கி நிறுத்தினால் சீமைக் கருவேல முள் ஏறிவிடும். அது உடனே காட்டாது. காற்று மெதுவாக இறங்கி, மேக்கரை ஏற்றத்தில் பின்பக்கம் ஆடும்போதுதான் தெரியும்.

உங்கள் டயர் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க. பெரும்பாலும் அலாய் வீல் என்றால் டியூப்லெஸ், கம்பி வைத்த சக்கரம் என்றால் டியூப். டியூப்லெஸ் ஆட்கள் பாக்கியவான்கள்: துளையைப் பெரிதாக்கும் ரீமர், ஊசி, ரப்பர் திரி, சொல்யூஷன், பிளேடு போதும். சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். ஆணி தெரிந்ததும் பிடுங்கிவிடாதீங்க. எல்லாவற்றையும் எடுத்துவைத்து, திரியை ஊசியில் கோத்த பிறகு பிடுங்கினால் உள்ளே இருக்கிற காற்றில் பாதியாவது மிஞ்சும். ரீமரை நாலைந்து தடவை உள்ளே வெளியே ஓட்டி, திரியை முக்கால்வாசி செலுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுங்க. சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருதா பாருங்க. டயரின் பக்கவாட்டுச் சுவரில் கிழிசல் என்றால் திரி நிற்காது.

டியூப் ஆட்கள் ஒட்டுப் போடும் ஆசையை விட்டுவிடலாம். ஒட்டு பிடிக்க ரப்பர் காய்ந்திருக்கணும். சாரல் மழையில், இலையிலிருந்து தண்ணி சொட்டும் இடத்தில் அது நடக்காது. புது டியூப் ஒன்றை எடுத்துப்போய் மாற்றிவிடுவதுதான் சரி. இரண்டு டயர் லிவர் போதாது, மூன்று வேண்டும். ரிம்மில் ஒட்டிக்கொண்ட டயர் விளிம்பை விடுவிக்க, சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, நண்பன் பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் மேல் வைத்து வண்டியைச் சாய்த்து அழுத்துங்க. அடுத்து வருவதுதான் முக்கியம்: ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். நீங்கள் லிவர் போடும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் டயர் விளிம்பை முட்டிக்காலால் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால், இந்தப் பக்கம் தேவையான தளர்வு தானாக வரும். அதைச் செய்யாமல் லிவரோடு மல்லுக்கட்டுகிறவர்தான் புது டியூபையும் கிழிப்பார். டியூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்க, முள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

காற்றுக்குக் கை பம்ப் அல்லது கால் பம்ப். பேட்டரியில் ஓடும் பம்ப் சொகுசுதான், ஆனால் பேட்டரியே படுத்துவிட்டால் அதுவும் படுக்கும்.

மற்ற உதிரிகள்

கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காதீங்க. பழைய கேபிள் போகிற பாதையிலேயே புதுசையும் இழுத்து, இரண்டு முனையிலும் டேப் சுற்றி, தண்ணி போகாமல் கட்டிவிட்டால், அறுந்த அன்றைக்கு முனைகளை மட்டும் மாற்றினால் போதும். டேங்கைத் தூக்கும் வேலை மிச்சம். கிளட்ச், பிரேக் லிவர் ஒவ்வொன்று உபரியாக வேண்டும். சேற்றில் வண்டி சாய்ந்தால் முதலில் முறிவது அதுதான். லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் குறைவாக இறுக்கினால், விழும்போது லிவர் உடையாமல் சுழன்று கொடுக்கும்.

செயின் லாக் ஒன்று எடுங்க, உங்கள் செயின் நம்பருக்கு ஏற்றது. 428, 520 என்று போட்டிருப்பதில் முதல் இலக்கம், ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் அங்குலத்தில் எட்டில் எத்தனை என்பது. 4 என்றால் அரை அங்குலம். ஆகவே 428 வண்டிக்கு 520 லாக் எந்த ஜென்மத்திலும் பொருந்தாது. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கணும்.

சீனியர்கள் கார்புரேட்டர் கழுவிய கதையெல்லாம் சொல்வார்கள். கேட்டுக்கோங்க, ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் பம்பே மின்சாரத்தில் ஓடுகிறது. பேட்டரி முழுசாகச் செத்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் சந்தேகம்தான். ஆகவே இப்போது கிட்டில் ஜெட் ஊசிக்குப் பதில் ஒரு சின்ன மல்டிமீட்டர், ஒரு முழம் ஒயர், இன்சுலேஷன் டேப், ஃப்யூஸ்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிகரெட் தாள் சுற்றி ஃப்யூஸ் போடும் வித்தை வயரிங்கையே கருக்கிவிடும். வண்டி பேசாமல் நின்றுவிட்டால் முதலில் பேட்டரி டெர்மினல் இறுக்கத்தையும், ஹேண்டிலில் இருக்கும் கில் சுவிட்சையும் பாருங்க. சிரிக்காதீங்க, கில் சுவிட்ச் நிறைய பேரை அழவைத்திருக்கிறது.

கல் அடித்துப் பெட்ரோல் டேங்க் கசிந்தால் குளியல் சோப்பைப் பிசைந்து அப்புங்க. சோப்பு பெட்ரோலில் கரையாது, ஊர் வரைக்கும் தாங்கும். இன்ஜின் ஆயில் கசிவுக்கு எம்-சீல். இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, காய நேரம் கொடுக்கணும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்க. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. ஓடையைத் தாண்டும்போது வண்டி நின்றுபோனால், அங்கேயே குனிந்து என்னவென்று பார்க்கக் கூடாது. முதலில் எல்லோரும் சேர்ந்து கரைக்குத் தள்ளுங்க. தள்ள முடியாத அளவு தண்ணி இருந்தால் வண்டியை விட்டுவிட்டு ஆட்கள் ஏறுங்க. கரைக்கு வந்த பிறகும் செல்ஃப் அடிக்காதீங்க. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழட்டி, ஒயரைத் தள்ளி வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு இன்ஜினைச் சுற்ற விட்டால் தண்ணி பீய்ச்சி வெளியே வரும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் காயவிட்டு மாட்டணும். பிளக் ஸ்பானர் 16, 18, 21 என்று வண்டிக்கு வண்டி மாறும், உங்களுடையதைப் பார்த்து எடுங்க.

ஜீப்பிலோ காரிலோ போகிறவர்களுக்கு ஒரே ஒரு சேர்க்கை சொல்கிறேன்: ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டிப் பலகை. ஜாக்கியின் அடித்தட்டு 10 செ.மீ. சதுரம் என்றால் 100 சதுர செ.மீ. 30 செ.மீ. பலகை போட்டால் 900. ஈர மண் மேல் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இல்லையென்றால் கார் ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்க. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்க. (வேல்ஸில் லானெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உபரிச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். தெருப் பெயர் இன்றைக்கும் நம்ம வாயில் ஓடுகிறது.)

கட்டுவது எப்படி? மூன்று பைக்கும் ஒரே மாடல் என்றால் பம்ப் ஒன்று, பெரிய ஸ்பானர் செட் ஒன்று போதும். அது எப்போதும் கடைசி வண்டியில் வரணும். முன்னால் போனவன் திரும்பி வரும்வரை பின்னால் நிற்பவன் இருட்டில் காத்திருக்கக் கூடாது. டூலை முதுகுப் பையில் போடாதீங்க, விழுந்தால் முதுகெலும்பில்தான் குத்தும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, அதற்குள் டூலைச் சுருட்டி, சீட்டுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டுங்க. ஃப்யூஸ், திரி, சொல்யூஷன் எல்லாம் தண்ணி புகாத டப்பாவில். நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று, கட்டுக்கம்பி, கேபிள் டை, கையுறை. அப்புறம் மெக்கானிக் நம்பரை ஒரு தாளில் எழுதி டப்பாவிலேயே போடுங்க, நனைந்த போன் திறக்காது.

திரும்பி வந்ததும் அந்தச் சுருட்டைப் பிரித்து, ஸ்பானர்களைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வையுங்க. டயர் லிவரை எவன் கடன் வாங்கினான் என்பதையும் அன்றைக்கே எழுதிவையுங்க, அடுத்த சாரலுக்கு அது திரும்பி வந்திருக்காது.