கதவுக்குள் நிற்கும் மழை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரேக், ஒரு கியர் மாற்றம், மறுபடி ஆக்சிலேட்டர். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டி என்றால், ஏழெட்டு வளைவு தாண்டுவதற்குள் கதவுப் பக்கமிருந்து ‘களக், களக்’ என்று சத்தம் கேட்கலாம். பின்சீட்டில் தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று நினைத்து யாராவது தேடுவார்கள். பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகும் சத்தம் ஓயாது. தண்ணீர் கதவுக்குள் நிற்கிறது.

கேட்டதும் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் போய்விட்டது, அதை மாற்றினால் சரியாகிவிடும். சிலர் ஒரு படி மேலே போய் அந்த இடுக்கில் சிலிக்கான் பசையை அப்பிவிடுகிறார்கள். இரண்டுமே நோயை விட்டுவிட்டு வேறெங்கோ வைத்தியம் பார்ப்பது. புத்தம் புதிய காரிலும் மழை பெய்தால் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். கண்ணாடி ஏறி இறங்க ஒரு இடைவெளி வேண்டும். பீடிங் பெரும்பகுதித் தண்ணீரை வழித்து வெளியே தள்ளும். எல்லாவற்றையும் தள்ளிவிட அதனால் முடியாது. கொங்குப் பகுதியின் பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் மழை முற்றத்தில் விழும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். விழுந்த தண்ணீர் வெளியேற ஒரு மூலையில் தூம்பு வைத்தார்கள். கார் கதவின் கணக்கும் அதேதான்.

கதவு என்பது வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவே வெற்றிடம். கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர், பவர் விண்டோ மோட்டார், பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் குடியிருக்கின்றன. உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடிவிளிம்புக்கு வந்து, அங்குள்ள சிறு துளைகள் வழியாகச் சொட்டிவிட வேண்டும். பெரும்பாலான கதவுகளில் இரண்டு முதல் நான்கு துளைகள் வரை இருக்கும். உள்தகட்டுக்கும் நாம் கை வைக்கும் டோர் பேடுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். தண்ணீர் இருக்கைப் பக்கம் வராமல் காப்பது அந்தத் தாள். துளையும் தாளும் ஒழுங்காக இருந்தால், எவ்வளவு மழை பெய்தாலும் வண்டிக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

கொல்லிமலையில் இந்தத் துளைகள் அடைபட எல்லா வாய்ப்பும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவக்காற்றும் இங்கே மழை தரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சேர்ந்துகொள்ளும். வாழை, பலா, அன்னாசி, மிளகு ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம், நாமக்கல் பக்கம் இறங்கும் பிக்கப் வண்டிகள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு போன்ற ஊர்களின் உள்பாதைகளில் செம்மண் சேற்றை வாரி இறைத்துக்கொண்டுதான் வருகின்றன. சக்கரம் அள்ளி வீசும் சேறு நேராகக் கதவின் அடிவிளிம்பில் போய் ஒட்டும். வெயில் வந்ததும் இறுகிவிடும். கோடையில் கண்ணாடி வழியே உள்ளே இறங்கிய தூசி, முதல் மழையில் குழைந்து அடியில் வண்டலாகப் படியும். வெளியிலிருந்தும் உள்ளிலிருந்தும் ஒரே துளைக்கு அடைப்பு.

மலைச்சரிவு இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. மேட்டைப் பார்த்து நிறுத்திய வண்டியில், கதவுக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் பின்மூலைக்குப் போய்விடும். அந்த மூலைத் துளை அடைபட்டிருந்தால், முன்துளை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில் குளித்து ஏறி வர அரை நாள் ஆகும். ஆடியில் வல்வில் ஓரி விழா நாட்களிலோ இடம் கிடைத்த சரிவிலெல்லாம் வண்டிகள் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மழை வந்தால் போதும்.

சேறும் தூசியும் இயற்கையாக வருபவை. பழுது பார்க்கும் கைகளே அடைப்பு வைத்துவிடுவதும் உண்டு. அதுதான் அதிகம் வருத்தம் தருவது. இடிபட்ட கதவை டிங்கரிங் செய்து, பட்டி தடவி, பெயிண்ட் அடிக்கும்போது துளை மூடிப்போகிறது. துருவைத் தடுக்க அடிப்பாகத்தில் பீய்ச்சும் பூச்சு, தண்ணீர் வடியும் வழியை அடைத்துத் துருவையே வளர்க்கிறது. புது ஸ்பீக்கர் மாட்டுகிறேன், மோட்டார் மாற்றுகிறேன் என்று டோர் பேடைக் கழற்றும்போது பிளாஸ்டிக் தாள் கிழிகிறது. கிழிந்ததை ஒட்டாமல் பேடை அழுத்தி மூடிவிட்டால், அடுத்த மழையில் கால்மிதி நனைந்து கிடக்கும். பழுது முடிந்து வண்டியை எடுக்கும்போது, “உள்ள இருந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிட்டீங்களா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை.

நின்ற தண்ணீர் என்ன செய்யும்? முதலில் பனிமூட்டம். கதவுக்குள் ஈரம் தேங்கிய வண்டியில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். மாலைக் குளிரில், எதிரே பேருந்து வரும் வளைவில், இது விளையாட்டான விஷயம் இல்லை. அடுத்து ஸ்பீக்கர் கரகரக்கும், பவர் விண்டோ திணறும், உள்ளே பூஞ்சை வாடை வரும். கடைசியாகத் தெரிவது, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பே சத்தமில்லாமல் தொடங்கிவிடுவது, துரு. கதவின் அடியில் வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தப்பட்டிருக்கிறது. அந்த மடிப்புக்குள் புகுந்த ஈரம் லேசில் காயாது. துரு உள்ளிருந்து வெளியே வரும். அடிவிளிம்பில் பெயிண்ட் கொப்புளம் போல உப்புவதைக் கண்ணால் பார்க்கும் நாளில், பின்னால் இருக்கும் தகடு பெரும்பாலும் அரித்துப் போயிருக்கும். துத்தநாகப் பூச்சுத் தகடுகள் கொண்ட வண்டிகளில் இது தாமதமாகும். தேங்கிய தண்ணீருக்கு முன்னால் அந்தப் பூச்சும் நாளடைவில் தோற்கும்.

கதவில் மின்சாரம் ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2010 ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகம் முழுவதும் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜாஸ், சிட்டி வகைக் கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் மட்டும் 8,500க்கும் மேற்பட்ட சிட்டி கார்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியே வரும் தண்ணீர் கதவிலுள்ள பவர் விண்டோ சுவிட்சுக்குள் புகுந்து, அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். தென்னாப்பிரிக்காவில் 2009இல் ஒரு ஜாஸ் காரில் நேர்ந்த தீயில் குழந்தை ஒன்று இறந்தது அப்போது பெரிதும் பேசப்பட்டது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வண்டிகளை அழைத்தது. ஓட்டுநர் கதவுக்குள் இருந்த மின்சுற்றுப் பலகையில் ஈரம் புகுந்து அரிப்பு ஏற்பட்டு, ஷார்ட் சர்க்யூட் ஆகும் ஆபத்து. பழுது நீக்கும் வரை வண்டியை வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள் என்றும் உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. இவை வடிதுளை அடைப்பால் வந்தவை அல்ல, சுவிட்சும் மின்பலகையும் அமைந்த விதத்தால் வந்தவை. ஆனாலும் கதவுக்குள் நுழையும் தண்ணீர் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்பதை இந்த நிகழ்வுகள் தெளிவாகக் காட்டின.

இனி வேலைக்கு வரலாம். தேவையானது தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு ஈர்க்கு, ஒரு பழந்துணி, ஒரு மக் தண்ணீர். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கதவைத் திறந்து, குனிந்து அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போன் டார்ச் உதவும். துணியால் சேற்றைத் துடைத்ததும் விரல்நகம் அகலத்தில் நீள்வட்டத் துளைகள் தென்படும். சிலவற்றில் நாக்கு போல ஒரு ரப்பர் தொங்கும். வட்டமாக, ரப்பர் மூடி போட்டு அடைத்த ஓட்டைகளும் அருகில் இருக்கலாம். அவை தொழிற்சாலையிலேயே மூடப்பட்டவை, கை வைக்க வேண்டாம்.

ஈர்க்கைத் துளைக்குள் மெல்ல விட்டுத் திருக வேண்டும். முதலில் ஒன்றும் வராதது போல இருக்கும். பிறகு செம்மண் குழம்பு ஒரு சொட்டு, அதன் பின் ரப்பர் துணுக்கு, நார், இலைத் தூள். அப்புறம் மடை திறந்த மாதிரி பழுப்புத் தண்ணீர் கொட்டும். முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்க்ரூடிரைவரோ இரும்புக் கம்பியோ வேண்டாம். துளை விளிம்பில் பெயிண்ட் கீறினால் அந்த இடத்திலேயே துரு பிறக்கும். காற்றடிக்கும் குழாயை முழு வேகத்தில் வைத்து ஊதுவதும் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் தாள் பிய்ந்துவிடும். எல்லாத் துளைகளும் திறந்ததும் கதவை மூடி, கண்ணாடியின் வெளிப்புறத்தில் மக் தண்ணீரை நிதானமாக ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அதற்குப் பதிலாகக் கால் வைக்கும் இடத்தில் ஈரம் தட்டினால், தாள் கிழிந்திருக்கிறது. டோர் பேடைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்கிடம் போகும் நேரம் அது. பின்கதவுக்கும் டிக்கிக் கதவுக்கும் இதே சோதனை உண்டு.

வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். கொல்லிமலையில் மிளகுக்கொடி படர்ந்து நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்களில். பெரணியைப் போலப் பிளவுபட்ட, அடிப்புறம் வெளுத்த அதன் இலைகள் அந்தப் பள்ளத்தில் அடுக்கடுக்காகப் படியும். மழையில் ஊறிக் கூழாகி, இரு முனையிலும் உள்ள வடிகாலை மூடும். தண்ணீர் நிரம்பி வழிந்து ஏசி பிளோயர் பக்கம் போய், முன்பயணியின் காலடியில் இறங்கும். மரத்தடியில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் கையால் வாரிப் போடுவது தவிர இதற்குப் பெரிய வைத்தியம் இல்லை. மழையே இல்லாத நாளில் அதே இடம் நனைந்தால், ஏசியின் வடிகுழாயைச் சந்தேகிக்கலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலன்ட் கசிவு.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் கதை வேறு. 2015 டிசம்பரில் சென்னையில் நடந்தது போல வண்டியைச் சுற்றித் தண்ணீர் உயரும்போது, வெளியேற்ற வேண்டிய துளைகளே உள்ளே விடும் வழியாகிவிடும். தண்ணீர் வடிந்த பின் கதவின் அடியில் வண்டல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஈர்க்கு போதாது. டோர் பேடைக் கழற்றி உள்ளே கழுவியாக வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல், கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். சொரசொரப்போ உப்பலோ தட்டுப்படுகிறதா, துளைகள் திறந்திருக்கின்றனவா, கால்மிதியைத் தூக்கினால் வாடை வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய துணியில் சுற்றி அதைக் கதவின் அடிப்பாகத்தில் இழுத்துக்கொண்டே போனால் இரும்புத் தகட்டில் ஒட்டும். தடிமனாகப் பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவும். விலை பேச உட்கார்வதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.