கணிப்பொறியில் கேலிச்சித்திரம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கடையில் வாங்கும் தீப்பெட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலமுள்ள அந்தச் சிறு தாளில் ஒரு மயில் நிற்கும். அல்லது ஒரு பசுவோ கப்பலோ தாமரையோ இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், "அந்த மயில் பெட்டியைக் கொடுப்பா" என்று கேட்டு வாங்கிச் செல்வார். பத்து வரியில் சொல்ல வேண்டியதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவதுதான் படத்தின் வேலை.

படத்திற்கும் நம் வட்டாரத்திற்கும் உள்ள உறவு பழமையானது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. இவ்வாறு தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சிவகாசியில் உடன்பிறப்புகளாக வளர்ந்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக எத்தனையோ வீட்டுச் சுவர்களை அலங்கரித்தன. எட்டயபுரம் தந்த பாரதியாரோ, 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டு, தமிழ் இதழுலகில் அக்கலைக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

அந்தக் கலையை இன்று கணிப்பொறியின் துணையோடு கற்கலாம். சிவகாசியில் அச்சக வடிவமைப்பாளராக இருக்கும் என் தாய்மாமா, தாம் பயன்படுத்திய 'கிராபிக்ஸ் டேப்லெட்' ஒன்றைச் சென்ற கோடை விடுமுறையில் எனக்குக் கொடுத்தார். அதில் பழகி நான் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராபிக்ஸ் டேப்லெட்டைத் தமிழில் வரைபலகை என்று அழைக்கலாம். பார்ப்பதற்கு நாம் சிறுவயதில் எழுதிய சிலேட்டைப் போலவே இருக்கும். ஆனால் அதில் வரைந்தால் பலகையில் ஒன்றும் தெரியாது. கோடு கணிப்பொறித் திரையில் தோன்றும். இது எவ்வாறு நிகழ்கிறது? பலகையின் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாக வலைபோல் ஓடுகின்றன. அவை மின்காந்த அலைகளை எழுப்புகின்றன. பேனாவினுள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் அந்த ஆற்றலைப் பெற்று, மறுகுறிப்பு ஒன்றைத் திருப்பி அனுப்புகிறது. எந்தக் கம்பிகளின் அருகே அது வலுவாக இருக்கிறதோ, அங்கே பேனா இருக்கிறது என்று பலகை கண்டுகொள்கிறது. அறிவியல் பாடத்தில் நாம் படித்த மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்கிறது. ஆதலால் இவ்வகைப் பேனாவுக்குப் பாட்டரி தேவையில்லை. பேனா முனையை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். இன்றைய பலகைகள் பல, இந்த அழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்து உணர்கின்றன.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்பவர், ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் முறையை உருவாக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே அந்நாட்டின் ராண்ட் நிறுவனம் வரைபலகை ஒன்றை அறிமுகம் செய்தது. 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம், கம்பி இணைப்பில்லாத பேனாவால் புகழ்பெற்றது.

இனி, பழகும் முறையைக் காண்போம். முதற்பாடம், கையைப் பாராமல் வரைவது. கண் திரையில் இருக்க வேண்டும். கை கீழே பலகையில் நகர வேண்டும். தட்டச்சு வகுப்பில் எழுத்து விசைகளைப் பாராமல் அடிக்கப் பழகுவதைப் போன்றதே இதுவும். சில நாட்களில் கை தானாகவே இடம் கண்டுகொள்ளும். பலகையின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் ஒத்திருக்குமாறு முதலில் அமைத்துக்கொள்வது அவசியம். இல்லையேல் நாம் வட்டம் போடுவோம், திரையில் முட்டை வரும்!

இரண்டாவது பாடத்தை நாம் வீட்டு வாசலிலேயே கற்றிருக்கிறோம். புள்ளிக்கோலம் போடும்போது நெடிய வளைவுகளை விரலால் இழுப்பதில்லை. முழங்கையும் தோளும் சேர்ந்து அசைகின்றன. வரைபலகையிலும் அப்படியே. நீண்ட கோட்டிற்குத் தோள், சிறிய கோட்டிற்கு மணிக்கட்டு. திரையில் புள்ளிகள் வைத்து, அவற்றை ஒரே இழுப்பில் இணைத்துப் பழகினால் கோட்டின் நடுக்கம் குறையும்.

மூன்றாவது, 'அன்டூ' என்னும் வசதியை அளவோடு பயன்படுத்துவது. ஒரு விசையைத் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடும். தாளும் மையும் வீணாவதில்லை என்பதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரும் பேறு. கிரிட்டா போன்ற நல்ல வரைகலை மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும், "ஒரே கோட்டை நாற்பது முறை அழிக்காதே; நாற்பது கோடு போடு, நல்லதை வைத்துக்கொள்" என்பார் மாமா.

அடுத்து 'லேயர்' எனப்படும் அடுக்கு முறை. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்நாளைய கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் உண்டு. மஞ்சள் ஒரு முறை, சிவப்பு ஒரு முறை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட பிறகே முழுப்படம் வரும். கணிப்பொறியிலும் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போலப் படத்தைப் பகுதி பகுதியாக வரையலாம். கீழடுக்கில் வெளிர்நீலத்தில் உருவத்தின் கூடு. அதன் மேலடுக்கில் கறுப்புக் கோடு. இடையில் ஓர் அடுக்கில் வண்ணம். கோடு முடிந்ததும் கூட்டினை மறைத்துவிடலாம். வண்ணத்தை மாற்றினாலும் கோட்டிற்குச் சேதமில்லை.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். கேலிச்சித்திரம் எங்கே பிறக்கிறது? எதை விடுவது என்று தீர்மானிப்பதில் பிறக்கிறது. உருவப்படம் வரைபவர் முகத்தில் உள்ள அனைத்தையும் வரைவார். கேலிச்சித்திரக்காரர் இரண்டு புருவத்தையும் ஒரு வாயையும் கொண்டே கோபத்தையும் அச்சத்தையும் காட்டிவிடுவார். ஆர். கே. லக்ஷ்மண் படைத்த 'சாதாரண மனிதர்' வாய் திறந்து பேசுவதே இல்லை. கட்டம் போட்ட கோட்டும் வட்டக் கண்ணாடியும் வியந்த பார்வையுமே நாட்டு நடப்பை விமரிசித்தன.

நான் ஏன் இதைக் கற்க விரும்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குச் செல்பவர்கள். என் அம்மாவும் அவர்களுள் ஒருவர். காலையில் வேன் ஏறினால் மாலையில்தான் திரும்புவார்கள். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரும் விபத்துச் செய்திகள் வந்தவண்ணமே இருக்கின்றன. பாதுகாப்பு விதிகள் இல்லாமல் இல்லை. அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. நைலான் உடை உடுத்தக் கூடாது. கலந்த மருந்தை மீதம் வைக்கக் கூடாது. கைப்பேசி கொண்டு செல்லக் கூடாது. இவை சுவரில் நீளமாக எழுதப்பட்டிருக்கும். "எண்ணிக்கைக்குக் கூலி. நின்று படிக்க யாருக்கு நேரம்?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் என்னை வரைய வைத்தது.

முதல் விதியை எப்படி வரையலாம் என்று பாருங்கள். ஓர் அறை. உள்ளே நான்கு பேர். வாசற்படியில் ஐந்தாவது ஆள் ஒரு காலை வைக்கிறார். உள்ளே இருக்கும் நால்வரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையைக் காட்டுகிறார்கள். எட்டுக் கண்களும் அந்தக் காலைப் பார்க்கின்றன. அவ்வளவே! ஓர் எழுத்தும் வேண்டாம். தூக்கிய காலை மட்டும் சற்றுப் பெரிதாக வரைய வேண்டும். பார்ப்பவர் கண் முதலில் அங்கே செல்ல வேண்டும். மிகைப்படுத்தல் என்பது இதுவே.

வரைந்ததைச் சுவரில் ஒட்ட வேண்டுமானால் அச்சுக்கு ஏற்ற அளவில் தொடங்க வேண்டும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 புள்ளிகள் தேவை. சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப் போலாகிவிடும். மேலும், திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சகம் மையால் காட்டுகிறது. எனவே திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் தாளில் சற்று மங்கும் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

"சில சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவே படம் தருகிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்?" என்று தோழியர் சிலர் கேட்கின்றனர். அழகான படத்தை அது நொடியில் தரக்கூடும். ஆனால் அவசரத்தில் ஐந்தாவது ஆளாக உள்ளே நுழைபவரின் முகம் எப்படியிருக்கும் என்பது, அந்த வேனில் ஏறி இறங்குபவர்களுக்குத் தெரியும். அவர்களோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கும் நமக்கும் தெரியும். அதைக் கோட்டில் கொண்டுவரும் பயிற்சி மட்டுமே நமக்குத் தேவை.

படம் தேறியதா என்று அறிய எளிய தேர்வு ஒன்று உண்டு. விளக்கம் ஏதும் கூறாமல் அதனை அவ்வேலை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒரே மூச்சில் பொருள் சொன்னால் படம் தேறியது. நான்கு பேர் படத்தைப் பார்த்த அம்மா, "இது எங்க ரூமு மாதிரியே இருக்கே! அந்தக் காலை எடுக்கச் சொல்லு" என்றார்கள். இப்போது நைலான் உடையைப் பற்றிய இரண்டாவது படத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. நம் ஊரில் அச்சுவர், வேலைக்குச் சென்று மாலையில் நலமாக வீடு திரும்பும் நம் பெற்றோரே. தோழியரே, உங்கள் வீட்டிலோ பள்ளிக் கணிப்பொறி அறையிலோ வரைபலகை கிடைத்தால் பழகுங்கள். கிடைக்காவிடில் பென்சிலும் பழைய நோட்டின் பின்பக்கமும் போதும். இன்னும் வரையப்பட வேண்டிய விதிகள் பல இருக்கின்றன!