ஐந்து இரவுத் திட்டம்

உலகத்தில் பதில் சொல்ல முடியாத கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. கடவுள் எங்கே இருக்கிறார், மனிதன் இறந்த பிறகு என்ன ஆகிறான் என்பன போன்ற கேள்விகளுக்கு மகான்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பதில் தேடி வருகிறார்கள். ஆனால் அவையெல்லாம் என்றைக்கோ ஒரு நாள், மின்சாரம் நின்றுபோய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிற கேள்விகள். ஒரு நாள் விடாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு, லட்சக்கணக்கான வீடுகளில் ஏககாலத்தில் எழுகிற கேள்வி வேறு ஒன்று உண்டு. "இன்று ராத்திரிக்கு என்ன?" என்பதே அது.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் போகும் மின்சார ரயிலில் சாயங்கால வேளையில் பிரயாணம் செய்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பெரம்பூர் வரையில் எல்லாரும் ஆபீஸ் விஷயம் பேசுவார்கள். கொரட்டூர் தாண்டியதும் பேச்சுக் குறையும். அம்பத்தூர் போய், திருமுல்லைவாயில் போய், அண்ணனூர் வரும்போது, வேலைக்குப் போய்த் திரும்பும் ஸ்திரீகளின் முகத்தில் ஒரு யோசனை வந்து குடிகொள்ளும். அது தேசத்தைப் பற்றிய யோசனை அல்ல. வீட்டில் தேங்காய் இருக்கிறதா என்பதைப் பற்றிய யோசனை!

என் சிநேகிதர் ஒருவர் ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் குடியிருக்கிறார். அங்கே சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது; ஏரி இருக்கிறது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டதிலிருந்து, தொழிற்சாலைகளை நம்பி இந்தச் சுற்றுப்புறத்தில் குடியேறிய குடும்பங்களும் ஏராளமாக இருக்கின்றன. சிநேகிதர் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறார். அவருடைய மனைவி தினந்தோறும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருகிறார். வீட்டில் பாட்டி ஒருத்தி, குழந்தைகள் இரண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை இரவு நான் அங்கே போயிருந்தேன். அன்றுதான் அந்த வீட்டில் வேலைநிறுத்தம் ஆரம்பமாயிற்று. திங்கட்கிழமை ரவை உப்புமா. செவ்வாய்க்கிழமை சேமியா உப்புமா. புதன்கிழமை கடையில் வாங்கிய பரோட்டா. வியாழக்கிழமை மறுபடியும் ரவை உப்புமா. பத்து வயதுப் பையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று அறிவித்தான். அவன் தங்கையும் உடனே பசியை இழந்தாள். சிநேகிதர், "தினம் தினம் இதேதானா?" என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணா! சமைப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் போதும். என்ன சமைப்பது என்று யோசிப்பதற்குத்தான் நாள் முழுவதும் போதவில்லை. அந்த யோசனையில் எனக்குக் கூட்டாளி ஒருவரும் கிடையாது."

இந்தக் கடைசி வாக்கியம் வெகு நேரம் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. 2019-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கத்தார் ஜனங்கள் நாளைக் கழிக்கும் விதத்தைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் ஸ்திரீகள் சராசரி நாளொன்றுக்கு 299 நிமிஷமும், புருஷர்கள் 97 நிமிஷமும் அவற்றில் செலவிடுவதாக அதில் தெரிய வந்தது. ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வெங்காயம் எத்தனை மிச்சமிருக்கிறது என்று யோசிக்கிற நேரம் இதில் அடங்குமா? அது பிரயாணக் கணக்கில் அல்லவா போய்ச் சேரும்?

பஞ்சாங்கம் செய்த உபகாரம்

முற்காலத்துப் பாட்டிமார்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. அவர்களுக்கு யோசனை செய்து கொடுக்கப் பஞ்சாங்கம் இருந்தது. ஏகாதசியா? பட்டினி, அல்லது பலகாரம். அமாவாசையா? தர்ப்பணம் செய்தவருக்கு ராத்திரி பலகாரம். சனிக்கிழமையா? ஒருபொழுது. கிருத்திகையா, புரட்டாசி மாதமா? அதற்கு ஏற்றபடி. கீரையை ராத்திரி சமைப்பதில்லை என்பது ஒரு விதி. இவ்வளவு கட்டுப்பாடுகளும் போக மிச்சமிருந்த நாட்களில் ஆக்கிய சோற்றை உண்டுவிட்டு, மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது தயார். அன்றைக்கு என்ன என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. தளர்ந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் பஞ்சாங்கம் இறக்கி வைத்த சுமையை வீட்டில் ஒரே ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டோமே, அதைப் பற்றித்தான் வருத்தம். 1951-இல் ஸ்ரீமதி எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' என்ற புத்தகத்தை வெளியிட்டு, எப்படிச் சமைப்பது என்பதை அளவோடு சொல்லிக் கொடுத்துவிட்டார். எதை என்றைக்குச் சமைப்பது என்பதை வீட்டார்தான் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஆவடிக்குப் புதிதல்ல

திட்டம் என்ற வார்த்தை ஆவடி மண்ணுக்குப் புதிதல்ல. 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஆவடி சத்தியமூர்த்தி நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தேபர் தலைமை வகித்தார். சமதர்ம பாணியில் அமைந்த சமுதாயத்தை நோக்கமாகக் கொண்டே தேசத்தின் திட்டங்கள் வகுக்கப்பட வேண்டும் என்று அங்கேதான் தீர்மானம் செய்தார்கள். ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட வழிகாட்டிய ஊரில், ஐந்து இரவுகளுக்குத் திட்டம் போட முடியாமல் ஒரு குடும்பம் திண்டாடலாமா?

இதற்கு முன்மாதிரி வேண்டுமானால் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் போதும். காமராஜர் காலத்தில், 1956-இல், பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு அளிக்கும் முயற்சி பரவியது. 1982-இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. சாதமும் சாம்பாரும் குழந்தைகளுக்கு அலுத்துப் போகாதிருக்க, 2013-இல் பலவகைச் சாதங்களையும் முட்டை மசாலாக்களையும் சேர்த்துப் பட்டியலை மாற்றி அமைத்தார்கள். முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் ஒரு பட்டியல். இரண்டாவதற்கும் நான்காவதற்கும் வேறொரு பட்டியல். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா ஒரு நாள், கிச்சடி ஒரு நாள், பொங்கல் ஒரு நாள் என்று கிழமைக் கணக்கு வைத்தார்கள். லட்சக்கணக்கான குழந்தைகளின் பசியைச் சுவரில் ஒட்டிய ஒரு காகிதம் நிர்வகிக்கிறதென்றால், ஐந்து பேர் உள்ள குடும்பத்தை அது நிர்வகிக்காதா?

வகை மாற்றுவது நாக்குக்கு மட்டும் நல்லது என்று எண்ண வேண்டாம். சுமார் நூறு வருஷங்களுக்கு முன், குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்திய நிபுணர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி எல்லாம் சேர்ந்த சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை ராஜதானி ஆகாரத்தைத் தின்ற எலிகள் நோஞ்சானாக இருந்தன. அரிசியைக் குற்றம் சொல்வதற்கில்லை; அரிசியையே நம்பியிருப்பதுதான் குற்றம். அந்தக் குன்னூர் ஆராய்ச்சி நிலையம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை மகாநாடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் வீட்டில் ஒரு மகாநாடு கூட்டினோம். பாட்டி அக்கிராசனம் வகித்தாள். முதல் தீர்மானம், தானியத்தை மாற்றுவது என்பது. குழம்பையும் சட்னியையும் மாற்றிப் பயனில்லை. அடிப்படைத் தானியம் மாறினால் சாப்பாடே மாறிவிடும். இரண்டாவது, எந்த ராத்திரியும் ஏதேனும் ஒரு பருப்பு, பயறு, அல்லது முட்டை இல்லாமல் கழியக்கூடாது என்பது. பிறகு பட்டியல் தயாராயிற்று.

திங்கட்கிழமை இட்லி. இட்லி அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஞாயிறு காலையில் ஊறப் போட்டுச் சாயங்காலம் அரைத்துவிட்டால், ராத்திரி முழுதும் புளித்துத் திங்கட்கிழமை காலையில் மாவு பிரிட்ஜுக்குள் போய்விடும். காலையில் வைத்த சாம்பாரே ராத்திரிக்கும் ஆகும்.

செவ்வாய்க்கிழமை சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும். கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும். ஆகையால் திங்கட்கிழமை ராத்திரி படுக்கப் போகுமுன் அதைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

புதன்கிழமை தோசை. அதற்குள் மாவு சற்றுப் புளித்திருக்கும். அது தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் மேலானது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டைத் தோசை. மற்றவர்களுக்கு வெங்காயமும் காரட்டும் தூவியது, பருப்புப் பொடியுடன்.

வியாழக்கிழமை தினைப் பொங்கல். ஐக்கிய நாடுகள் சபையார், இந்தியாவின் பிரேரணையின்பேரில், 2023-ஐச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடினார்கள். நம் பாட்டிக்கு அந்தக் கொண்டாட்டம் வேடிக்கையாயிருந்தது. "எங்கள் காலத்தில் ஏழை தின்றது!" என்றாள். தினை மூன்று பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. மிளகு, சீரகம், இஞ்சி. கூடவே கத்தரிக்காய்க் கொத்சு.

வெள்ளிக்கிழமை அடை. அரிசி இரண்டு பங்கு, கடலைப்பருப்பு ஒன்று, துவரம்பருப்பு ஒன்று, உளுந்து கால். மூன்று மணி நேரம் ஊறினால் போதும்; புளிக்க வைக்க வேண்டியதில்லை. வாரம் முழுவதும் ஒன்றும் இரண்டுமாக மிஞ்சிய வாழைக்காய், அவரைக்காய், பூசணி எல்லாம் அவியலில் சேர்ந்து மோட்சமடையும்.

இரண்டாவது வாரத்தில் திங்களும் புதனும் மாவு அப்படியே இருக்கலாம். ஆனால் புதன்கிழமைத் தோசையில் கேழ்வரகு மாவு கலக்கலாம். சப்பாத்திக்குப் பதில் காய்கறி போட்ட கோதுமை ரவைக் கிச்சடி. தினைக்குப் பதில் துவரம்பருப்பு உடைத்துப் போட்ட உப்புமாக் கொழுக்கட்டை. அடைக்குப் பதில் பச்சைப்பயற்றுத் தோசை. சனியும் ஞாயிறும் பட்டியலில் வெற்றிடம். மனிதனுக்குக் கொஞ்சம் சுதந்திரமும் வேண்டுமல்லவா?

ரவை உப்புமாவை நாடு கடத்திவிட வேண்டும் என்று பையன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். அது தோற்றுப்போயிற்று. ஆபத்துக் காலத்துக்கு உப்புமா ஒன்று, ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் ஒன்று என இரண்டு தஞ்சங்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன. களைத்துப்போன நாளில் அவற்றைச் செய்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, யாரும் முகம் சுளிக்கவும் கூடாது என்பது உபவிதி.

பெயர் எழுதும் இடம்

பட்டியலை எழுதி முடித்ததும் எல்லாரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். அந்த அம்மாள், "இன்னும் ஒரு பத்தி பாக்கியிருக்கிறது" என்றார். பலகாரத்தின் பெயருக்கு எதிரே, முதல் நாளே செய்ய வேண்டிய காரியத்தையும், அதைச் செய்ய வேண்டியவரின் பெயரையும் எழுதச் சொன்னார். அரிசி ஊறப் போடுவது பாட்டி. கிரைண்டரில் அரைப்பதும் கடலை ஊற வைப்பதும் சிநேகிதர். வெங்காயம் உரிப்பது பையன். தட்டு வைப்பது சின்னப் பெண். அந்தப் பத்திதான் திட்டத்தின் உயிர்நிலை என்பதை நான் அப்போது அறியவில்லை. வெறும் பலகாரப் பட்டியல் என்றால் அது ஹோட்டலில்கூடக் கிடைக்கும். பெயர் எழுதிய பட்டியல் குடும்பத்தில்தான் கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கோவில்பதாகைக்குப் போயிருந்தேன். காகிதம் காலண்டருக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறையுடன் தொங்கிக்கொண்டிருந்தது. "திட்டம் எப்படி?" என்று கேட்டேன். மழை பலத்த ஒரு வாரம் முழுவதும் ரசம் சாதமே நடந்ததாகவும், பாட்டிக்கு ஜுரம் வந்தபோது மாவே அரைக்கவில்லை என்றும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். மற்றபடி பத்து நாளில் ஏழு எட்டு நாள் திட்டப்படி நடக்கிறதாம். தேசத் திட்டங்கள்கூட இவ்வளவு நிறைவேறினால் நாம் திருப்திப்படுவோம்.

"இப்போது ரயிலில் என்ன யோசிக்கிறீர்கள்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"ஒன்றும் யோசிப்பதில்லை, அண்ணா! உட்கார இடம் கிடைத்தால் அம்பத்தூரிலிருந்து தூங்கிவிடுகிறேன்" என்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, அந்தப் பதினைந்து நிமிஷத் தூக்கம் எவ்வளவு வருஷமாக அவருக்கு வரவேண்டிய பாக்கி என்று எனக்குத் தோன்றிற்று.

அன்று செவ்வாய்க்கிழமை. சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும் என்று காகிதத்தில் பார்த்துவிட்டு, நான் ஆவலுடன் உட்கார்ந்தேன். வந்தது ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்.

காகிதத்தை மறுபடியும் பார்த்தேன். 'கடலை ஊற வைப்பது' என்பதற்கு எதிரே என் சிநேகிதரின் பெயர் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பிரமாதமாகப் புகழ்ந்துகொண்டிருந்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.