திரையில் டாங்கிப் போர்: இரும்பு இருக்கிறது, சேறு இல்லை

இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் மோதிக்கொள்ளும் டாங்கி விளையாட்டுகளில் இரண்டு பெயர்கள் உலகெங்கும் தெரிந்தவை. ஒன்று ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’. பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தொடங்கிய வார்கேமிங் நிறுவனம் இதை 2010இல் ரஷ்யாவிலும் அடுத்த ஆண்டு மற்ற நாடுகளிலும் வெளியிட்டது. இன்னொன்று ‘வார் தண்டர்’. கைஜின் நிறுவனத்தின் இந்த விளையாட்டு 2012இல் விமானச் சண்டையாகத் தொடங்கியது. 2014இல் டாங்கிகள் சேர்ந்தன. இரண்டும் கணினியில் பிறந்து செல்போனுக்கும் வந்துவிட்டன. இவற்றில் ஓடும் வண்டிகளில் பல ஏதாவது ஒரு ராணுவத்தில் உண்மையிலேயே இருந்தவை. அதனால்தான், திரையில் தெரிவதில் எது நிஜம், எது ஆட்டத்துக்காகச் சேர்த்தது என்ற கேள்வி ஓய்வதே இல்லை.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குத் தொலைவானதல்ல. அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர்கள் திருத்தணியில் சென்னைக்கு ரயிலேறினால், அரக்கோணம் தாண்டி வருகிற ஆவடியில்தான் இந்திய ராணுவத்தின் டாங்கிகள் உருவாகின்றன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் அமைந்த அந்த டாங்கியின் எடை சுமார் 39 டன்; பீரங்கி 105 மில்லிமீட்டர். பின்னர் ரஷ்ய வடிவமைப்புகளான டி-72 ‘அஜேயா’, டி-90 ‘பீஷ்மா’ இரண்டும் அங்கேயே தயாராயின. ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ வடிவமைத்தது அர்ஜுன். அதன் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் கையால் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எடை சுமார் 68 டன்.

நிஜத்தை அளக்க ஒரு உரைகல்லும் இந்திய வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரண் அருகே நடந்த அசல் உத்தர் சண்டை அது. பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை இந்தியாவின் சென்சூரியன், ஷெர்மன், ஏஎம்எக்ஸ்-13 ஆகியவை எதிர்கொண்டன. இந்த நான்கு வகைகளும் மேற்சொன்ன இரண்டு விளையாட்டுகளிலும் உள்ளன. அதனால் களத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

விளையாட்டுகள் நிஜத்துக்கு மிக அருகில் வரும் இடம், குண்டு கவசத்தில் படும் கணம். 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டைச் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால், நேராக வரும் குண்டு துளைக்க வேண்டிய இரும்பு 200 மில்லிமீட்டர் ஆகிவிடும். எடை கூட்டாமல் பாதுகாப்பைக் கூட்டும் இந்த வடிவியலை இரண்டு விளையாட்டுகளும் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கிடுகின்றன. எதிரிக்கு நேராக முகம் காட்டாமல் வண்டியைச் சற்றே கோணலாக நிறுத்த வேண்டும் என்பதை ஆட்டக்காரர் சில நாளிலேயே கற்றுக்கொள்கிறார். உண்மையான டாங்கிப் படையினரும் அப்படி நிறுத்துவதுண்டு. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ இதைச் சில எளிய விதிகளாகச் சுருக்கிக்கொண்டது: கவசத்தைத் துளைக்கும் சாதாரணக் குண்டு 70 பாகைக்கு மேல் சாய்வாகப் பட்டால் சறுக்கிப் போய்விடும், குண்டின் விட்டம் தகட்டின் தடிமனைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் சறுக்காது. ‘வார் தண்டர்’ பழைய வகை இரும்புக் குண்டுகளுக்கு, 19ஆம் நூற்றாண்டில் போர்க்கப்பல் கவசங்களுக்காக உருவான டி மார் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. பள்ளிப் பாடத்துக் கோசைன் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கடினம்.

குண்டு உள்ளே நுழைந்த பிறகு இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ ஒவ்வொரு டாங்கிக்கும் உயிர்ப்புள்ளி வைத்திருக்கிறது. துளைத்த குண்டு சில நூறு புள்ளிகளைக் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பது சராசரியிலிருந்து 25 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யும் ஒரு பகடைக் கணக்கு. ஒரே ஒரு புள்ளி மிச்சமிருக்கும் டாங்கியும் புத்தம்புது வண்டிபோல் ஓடிச் சுடலாம். இப்படிப்பட்ட டாங்கி எந்தப் போர்க்களத்திலும் இருந்ததில்லை.

‘வார் தண்டர்’ உயிர்ப்புள்ளியையே வைக்கவில்லை. அங்கே டி-72இன் பக்கவாட்டில் ஒரு குண்டு துளைத்துவிட்டால், அது உள்ளே போன பாதையை ஊடுகதிர்ப் படமாகத் திரை காட்டும். தகட்டிலிருந்து பெயர்ந்த துணுக்குகள் கூம்பாக விரிகின்றன. ஒன்று பீரங்கியைச் சுடும் கன்னரைத் தாக்கி அவர் உருவம் கறுக்கிறது. இன்னும் சில கீழ்நோக்கிப் பாய்கின்றன. டி-72இல் குண்டு நிரப்ப ஆள் கிடையாது; பீரங்கி அமைந்த சுழல்கூட்டின் அடியில், வண்டித் தரையை ஒட்டி, 22 குண்டுகளும் அவற்றின் வெடிமருந்தும் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும், இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். துணுக்கு அந்த வட்டத்தில் பட்டதும் மொத்தமும் வெடித்து, சுழல்கூடு தனியே தூக்கி எறியப்படுகிறது. 1991 வளைகுடாப் போரிலும் உக்ரைனிலும் எடுத்த படங்களில் தலையற்ற டி-72களைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனை இல்லை என்று தெரியும்.

வடிவமைப்பாளர் எதை வாங்க எதை விற்றார் என்பதை ஆட்டக்காரர் இப்படித்தான் உணர்கிறார். குண்டு நிரப்பும் லோடரை விலக்கியதால் டி-72 மூன்று பேர் வண்டியாகி, தாழ்ந்து, இலக்காகச் சிறுத்தது. அந்தத் தாழ்வுக்கு விலையாக, பீரங்கி முனை கீழ்நோக்கிச் சில பாகைகளே இறங்கும். மேட்டின் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டிச் சுடுவது சிரமம். அதன் பின்னோட்ட வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர்தான், ஆள் நடக்கும் வேகம். ‘வார் தண்டர்’ இந்தக் குறையை மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது அதன் நேர்மைக்குச் சான்று. அர்ஜுன் வேறு மரபைச் சேர்ந்தது: நாலு பேர், கையால் குண்டு நிரப்பும் லோடர், பெரிய உடல், அதற்கேற்ற எடை.

இரும்பை விட்டுக் கண்ணுக்கு வந்தால் நிஜம் வேகமாகக் கரைகிறது. இரண்டு விளையாட்டுகளிலும் ஆட்டக்காரர் பெரும்பாலான நேரம் தன் டாங்கியை வெளியிலிருந்து, பின்னாலும் மேலேயுமிருந்து பார்க்கிறார். சுவருக்குப் பின்னால் நின்றபடியே தெருமுனையில் யார் வருகிறார் என்று அறிய முடிகிறது. உண்மையில் மூடிகளைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது பெரிஸ்கோப்பின் குறுகிய கண்ணாடிப் பட்டை மட்டுமே. அதனால்தான் கமாண்டர்கள் ஆபத்தோடு ஆபத்தாகத் தலையை வெளியே நீட்டி நின்றார்கள். இந்த விளையாட்டுகளின் பொய்களில் ஆகப் பெரியது, கவசமோ குண்டோ அல்ல, இந்த வெளிக் கேமராதான். ‘வார் தண்டர்’ தன் சிமுலேட்டர் முறையில் அதை எடுத்துவிட்டு வண்டிக்குரிய பார்வையை மட்டும் தருகிறது. அந்த முறையில் ஆடுபவர்கள் குறைவு. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ஸில் 445 மீட்டருக்கு அப்பால் உள்ள எதிரியை ஆட்டக்காரர் தன் டாங்கியால் கண்டுபிடிக்கவே முடியாது. கூட்டாளி யாரும் அதைக் காணாவிட்டால், திறந்த வெளியில் நிற்கும் 50 டன் வண்டியும் அந்த எல்லைக்கு அப்பால் திரையில் தெரியாது. ஆட்டத்தை நெருக்கமாக வைக்கவும், மறைந்திருப்பவரின் இடத்தைக் கள்ள மென்பொருளால் அறிந்துகொள்வதைத் தடுக்கவும் செய்த ஏற்பாடு இது.

தொலைவைக் கண்டறிவதும் திரையில் சுலபம். ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ஸில் குறியை வைத்த இடத்துக்குக் குண்டின் வளைவைக் கணினியே சரிசெய்துவிடும். விஜயந்தாவில் இதற்கென்று பீரங்கியோடு இணைந்த 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருந்தது. கன்னர் முதலில் அதைச் சுடுவார். ஒளிரும் தோட்டா இலக்கில் பட்டது தெரிந்தால் தொலைவு சரி, அடுத்து பீரங்கி. லேசர் கருவி வருவதற்கு முந்தைய உத்தி. முதல் தோட்டாவின் ஒளிக்கோடு எதிரிக்கும் எச்சரிக்கை என்பதால் அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை எந்த விளையாட்டும் தரவில்லை.

இன்றைய கவசத் துளைப்பு அம்புக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,700 மீட்டர் வேகத்தில் போகிறது. 2 கிலோமீட்டர் கடக்க 1.2 நொடி. அதற்குள் மணிக்கு 40 கிலோமீட்டரில் குறுக்கே ஓடும் டாங்கி 13 மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது தன் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த முன்கணிப்பை விளையாட்டுகள் ஒழுங்காகவே வைத்திருக்கின்றன. ஆனால் இணைய ஆட்டத்தில் இன்னொரு தாமதமும் சேர்கிறது. குண்டு பட்டதா என்று தீர்மானிப்பது ஆட்டக்காரரின் கருவி அல்ல, தொலைவிலுள்ள சர்வர். செய்தி போய்வர 0.15 நொடி எடுத்தால் அதே டாங்கி அதற்குள் 1.6 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். சக்கரத்தைக் குறிவைத்தவருக்கு, குண்டு எஞ்சின் பக்கம் போனதாகத் தோன்றலாம். நகரத்தில் நல்ல கேபிள் இணைப்பில் ஆடுபவருக்கும், செல்போன் சிக்னல் ஏறி இறங்கும் அம்மையார்குப்பம் போன்ற ஊரிலிருந்து ஆடுபவருக்கும் ஒரே டாங்கியின் ‘நிஜம்’ வேறாக இருப்பது இதனால்தான்.

டாங்கிக்குள் இருக்கும் மனிதர்களைத் திரை ஏறக்குறைய விட்டுவிட்டது. மூன்று நான்கு பேரின் வேலையை ஒருவர் விரல்நுனியில் செய்கிறார்; கமாண்டர் சொல்ல, கன்னர் தேட, டிரைவர் நிறுத்த ஆகும் நேரம் கிடையாது. ‘வார் தண்டரி’ல் கன்னர் வீழ்ந்தால் சில நொடியில் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார்; இருவர் மிஞ்சினால் வண்டி ஓடும். தோழனின் உடலை நகர்த்திவிட்டு அந்த இருக்கையில் அமர்வது என்றால் என்ன என்பதை அது சொல்லாது. அறுந்த சங்கிலிப் பட்டை அரை நிமிடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். உண்மையில் அது சுத்தியலும் கடப்பாரையுமாக, வெளியே இறங்கி, குண்டுகளுக்கு நடுவே வியர்த்துச் செய்யும் வேலை. டீசல் தீர்வதில்லை, பாலம் எடை தாங்காமல் உடைவதில்லை. 68 டன் அர்ஜுனைப் பற்றிய விவாதங்களில் பஞ்சாபின் கால்வாய்களும் பாலங்களும் எத்தனை முறை வந்தன என்று நினைத்துப் பார்த்தால், இந்த விடுபடல் சின்னதல்ல.

அசல் உத்தரில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். இந்தியத் தரப்பு லாட வடிவில் அணிவகுத்து, கரும்புத் தோட்டங்களில் டாங்கிகளை மறைத்து, முன்னாலிருந்த வயல்களில் கால்வாய் நீரைத் திறந்துவிட்டது. முன்னேறி வந்த பேட்டன்கள் சேற்றில் வேகம் இழந்தன, பல புதைந்தே போயின. ஆள் உயரக் கரும்புக்குள்ளிருந்து பக்கவாட்டில் குண்டுகள் வந்தன. நான்காம் கிரனேடியர் படைப்பிரிவின் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை வீழ்த்தி, செப்டம்பர் 10 அன்று உயிர்துறந்தார். பரம் வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அழிந்ததும் விட்டுச்செல்லப்பட்டதுமாக 97 பாகிஸ்தான் டாங்கிகள் என்பது இந்தியக் கணக்கு. கவசத் தடிமனை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்த முடிவை யாரும் ஊகித்திருக்க முடியாது. நீர், பயிர், காலாட்படை, காத்திருப்பு ஆகியவை தீர்மானித்த போர் அது. இரண்டு விளையாட்டுகளின் டாங்கிச் சண்டைகளும் காலாட்படை இல்லாமலே வளர்ந்தவை. ஆட்டம் கால் மணி, மிஞ்சினால் அரை மணியில் முடிய வேண்டும் என்பதால் காத்திருப்புக்கும் இடமில்லை. ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ஸில் பக்கத்துக்கு 15 பேர், அதன் செல்போன் வடிவமான ‘பிளிட்ஸ்’ஸில் 7 பேர். இரு பக்கமும் பலம் சமமாக இருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் தர்மம். நிஜப் போரிலோ, பக்கங்கள் சமமாகிவிடக் கூடாது என்பதற்காகவே தளபதிகள் திட்டமிடுகிறார்கள்.

விந்தை என்னவென்றால், பழைய டாங்கிகளைவிடப் புதிய டாங்கிகளில்தான் நிஜம் குறைவு. இரண்டாம் உலகப் போர் வண்டிகள் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. தகட்டை அளக்கலாம், அன்றைய சோதனை அறிக்கைகளைப் படிக்கலாம். அர்ஜுனின் காஞ்சன் கவசம் ஐதராபாதிலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் உருவானது என்பது வெளியில் தெரியும். அதன் அடுக்குகள் எவை, எதைத் தாங்கும் என்பது ராணுவ ரகசியம். எல்லா நாட்டு நவீன டாங்கிகளுக்கும் இதே நிலைதான். விளையாட்டு உருவாக்குபவர்கள் படங்களையும் எடையையும் வைத்து ஊகிக்கிறார்கள். இந்த இடைவெளி 2021இல் ஒரு விபரீதத்துக்கு வழிவிட்டது: பிரிட்டனின் சாலஞ்சர்-2 டாங்கி ‘வார் தண்டரி’ல் தவறாக இருக்கிறது என்று காட்ட, ஆட்டக்காரர் ஒருவர் அதன் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே இணையத்தில் வெளியிட்டார். நிறுவனம் அவற்றை நீக்கியதோடு அத்தகைய தகவலைப் பயன்படுத்த மாட்டோம் என்றும் அறிவித்தது. அதே ஆண்டு பிரான்சின் லெக்லேர் டாங்கி விஷயத்திலும் இப்படி நடந்தது. இந்தியாவில் இத்தகைய செயல் 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் கடும் குற்றம் என்பதை, டாங்கித் தொழிலோடு தொடர்புள்ள குடும்பங்களின் பிள்ளைகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மனிதர்களை விட்டுவிடாமல் நிஜத்தைத் தேடிய விளையாட்டுகளும் இருக்கின்றன. 2006இல் வந்த ‘ரெட் ஆர்கெஸ்ட்ரா’வில் ஒரு டாங்கியைப் பலர் பங்கிட்டு இயக்கலாம். 2021இல் முழுமையாக வெளியான ‘ஹெல் லெட் லூஸ்’ஸில் கமாண்டர், கன்னர், டிரைவர் என மூன்று பேர் மைக்கில் பேசிக்கொண்டே ஓட்ட வேண்டும். டிரைவருக்குத் தெரிவது ஒரு சின்னத் துவாரம். “இடது, இன்னும் இடது, நில்” என்று கமாண்டர் சொல்வதை நம்பித்தான் அவர் நகர்கிறார். சுற்றிலும் காலாட்படை வீரர்களாக மற்ற ஆட்டக்காரர்கள் பதுங்கியிருப்பார்கள். கவசக் கணக்கில் இது ‘வார் தண்டர்’ அளவுக்கு நுணுக்கமானதல்ல. ஆனாலும் மூவர் பேச்சு குழம்பினால் டாங்கி சாகும் என்பதை இது காட்டிவிடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டையும்விட இது உண்மைக்கு நெருக்கம்.

இந்த வரிசையின் கடைசியில் நிற்பது ‘ஸ்டீல் பீஸ்ட்ஸ்’. 2000ஆம் ஆண்டில் வீட்டுக் கணினிக்கு வந்த இதன் தொழில்முறை வடிவத்தைப் பல நாட்டு ராணுவங்கள் பயிற்சிக்கு வாங்கின. இதன் படங்கள் மங்கல், வேகம் மந்தம். வானொலி உத்தரவு, தொலைவு, நிலத்தின் ஏற்ற இறக்கம், எரிபொருள், பழுது எல்லாம் கணக்கில் உண்டு. ஒரு மணி நேரம் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்து, ஒரே குண்டு சுட்டுவிட்டு இடம் மாறுவதோடு அதன் ஆட்டம் முடிந்துவிடலாம். அதை ஆடுபவர்கள் மிகக் குறைவு.