குறைமாதக் குழந்தையும் முப்பது நாள் கெடுவும்

மாதம் நிறையாமல் பிறந்து, இன்குபேட்டரில் இருந்து தேறிய குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகும்போது, எடை கூடியிருக்கிறதா, பால் நன்றாகக் குடிக்கிறதா என்றுதான் பெற்றோர் கேட்பார்கள். 'கண்ணைப் பார்த்தாயிற்றா?' என்றும் கேட்க வேண்டும். 'ஆர்ஓபி' என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் குறைமாத விழித்திரை நோய், சில வாரங்களிலேயே பார்வையை முழுவதுமாகப் பறித்துவிடக்கூடியது.

நோய் எப்படி வருகிறது?

கருவில் ஏறத்தாழ 16-வது வாரத்தில் விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளரத் தொடங்குகின்றன. ஓரத்தை எட்ட 40 வாரம் வரை ஆகும். முன்கூட்டியே பிறக்கும் குழந்தைக்கு இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. கருப்பையில் இருந்ததைவிட வெளியே ஆக்ஸிஜன் அதிகம். குழாய்களின் வளர்ச்சியைத் தூண்டும் 'வெஜ்எஃப்' என்ற புரதம் அதனால் குறைகிறது. சில வாரங்கள் கழித்து, ரத்தம் எட்டாத விழித்திரை ஓரம் ஆக்ஸிஜனுக்கு ஏங்கும்போது அதே புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைத்து, தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடுகின்றன.

காரணம் பிடிபட்ட கதை

1942-ல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் தியோடர் டெர்ரி இந்நோயை முதலில் விவரித்தார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். வசதி மிகுந்த மருத்துவமனைகளில்தான் பாதிப்பு அதிகம் என்பது புதிராக இருந்தது. தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆக்ஸிஜன்மீது 1951-ல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் சந்தேகத்தைத் திருப்பினார். 1953-54-ல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது.

உடனே ஆக்ஸிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண்கள் தப்பின, ஆனால் மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளும் கூடினார்கள். இந்தச் சிக்கல் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடம் செய்து 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரத்த ஆக்ஸிஜன் செறிவை 85–89 சதவீதத்தில் வைத்தபோது கடும் ஆர்ஓபி 8.6 சதவீதம், 91–95-ல் வைத்தபோது 17.9 சதவீதம். ஆனால் குறைந்த அளவு பெற்றவர்களில் 19.9 சதவீதம் பேர் இறந்தார்கள். மற்ற பிரிவில் இறந்தவர்கள் 16.2 சதவீதம். ஆகவே உயிருக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் கொடுத்தே ஆக வேண்டும். அதை அளந்து கொடுப்பதும், கண்ணைத் தவறாமல் பரிசோதிப்பதும்தான் வழி.

யாருக்குப் பரிசோதனை?

அமெரிக்காவில் பொதுவாகப் பிறக்கும்போது 1,500 கிராமோ அதற்குக் குறைவாகவோ எடையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். இந்தியாவில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் நோய் வருவதால் வரம்பு இன்னும் விரிவானது:

• 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், அல்லது 2,000 கிராமுக்குக் குறைவானவர்கள்: பிறந்த 30 நாளுக்குள்.
• 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், அல்லது 1,200 கிராமுக்குக் குறைவானவர்கள்: 2 முதல் 3 வாரத்துக்குள்.
• 34 முதல் 36 வாரத்தில் பிறந்து, நீண்ட நாள் ஆக்ஸிஜன், கிருமித்தொற்று போன்ற சிக்கல்களைச் சந்தித்தவர்கள்: மருத்துவர் சொல்லும் நாளில்.

குழந்தை இன்னும் மருத்துவமனையில் இருந்தாலும், வீடு திரும்பியிருந்தாலும் இந்தக் கெடு மாறாது.

சிகிச்சை

சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையை மருத்துவர் பார்ப்பார். லேசான பாதிப்பு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கடுமையானால் 2, 3 நாட்களுக்குள் லேசர் சிகிச்சையோ, வெஜ்எஃப் புரதத்தை அடக்கும் ஊசியோ தேவைப்படும். ஒருமுறை பார்த்து 'பரவாயில்லை' என்று சொன்னாலும், ரத்தக்குழாய்கள் முழுதாக வளரும்வரை மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் மீண்டும் காட்ட வேண்டும். பின்னாளில் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்புண்டு என்பதால், பள்ளி வயது வரை ஆண்டுதோறும் பரிசோதிப்பது நல்லது.

பெற்றோர் கவனத்துக்கு

தொடக்கத்தில் இந்நோய்க்கு வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. கண்மணி வெள்ளையாகத் தெரியும் நிலை வந்துவிட்டால், பார்வையை மீட்பது மிகக் கடினம். எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.