கடன் வாங்கிய படை
பரவிவிட்ட புற்றுநோய்க் கட்டியைப் பிறர் தரும் ஸ்டெம் செல் கரைக்குமா?

அந்தமானின் பாராடாங் தீவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் முதல் சோதனை பயணம்தான். ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டு வழியே வாகனங்கள் குறித்த நேரங்களில், போலீஸ் காவலுடன் அணிவகுத்துத்தான் போக முடியும். சுமார் 100 கி.மீ. தாண்டினால் ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்). பெரிய சிகிச்சை என்றால் அங்கிருந்தும் கடல் கடந்து சென்னைக்கோ வேலூருக்கோ வரவேண்டும். இத்தனை தூரம் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று நிரூபணமான சிகிச்சை. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. கொடையாளியின் செல்கள் புது ரத்தத்தை உற்பத்தி செய்வதோடு, மிச்சமிருக்கும் புற்றுச் செல்களையும் வேட்டையாடுகின்றன.

இந்தக் கடன் வாங்கிய படை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் வளரும் கட்டியையும் தாக்காதா? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் டாக்டர் ரிச்சர்ட் சைல்ட்ஸ் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2000-ல் வெளியானது. சிறுநீரகப் புற்று பரவிய 19 பேரில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது; மூவருக்கு அடியோடு மறைந்தது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால், விலை அதிகம். 19 பேரில் இருவர் மாற்று சிகிச்சையின் விளைவாலேயே இறந்தார்கள். கொடையாளியின் செல்களுக்கு நண்பன், பகைவன் தெரியாது. நோயாளியின் தோல், குடல், கல்லீரலையும் பதம் பார்த்துவிடும். பலன் தெரியவும் பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆனது. வேகமாகப் பரவும் புற்று அதுவரை காத்திருக்காது. கொடையாளி கிடைப்பதும் எளிதல்ல: உடன்பிறந்த ஒருவரின் திசு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

பிறகு, நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்களையே தட்டியெழுப்பும் மருந்துகள் வந்தன. அவற்றில் ஒன்றான நிவோலுமாப், சிறுநீரகப் புற்றுக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படையைக் கடன் வாங்கும் தேவை குறைந்தது.

இன்று, முற்றிய கட்டிப் புற்றுக்குக் கொடையாளி ஸ்டெம் செல் மாற்று வழக்கமான சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளும் கண்டிப்பானவை: ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே ஸ்டெம் செல்லைத் தரலாம்.

எனவே, நிலத்தை விற்றுக் கப்பல் ஏறுமுன் கேட்க வேண்டியவை இரண்டு. இது நிரூபணமான சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால், அனுமதிக் கடிதம் எங்கே?